கேமரா எங்கே நிற்கிறது? ஃபிளைட் சிமுலேட்டர் படக்கலைக்கு ஓர் எளிய அறிமுகம்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. விமானத்தைக் கிளப்புவார்கள், கொஞ்ச நேரம் பறப்பார்கள், அப்புறம் நடுவானில் அப்படியே நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சூரியனைக் கொஞ்சம் கீழே இறக்குவார்கள். இருக்கிற மேகத்தைக் கலைத்துவிட்டு வேறு மேகம் போடுவார்கள். இறக்கை நுனியில் வெளிச்சம் விழுகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் போனபின் கையில் ஒரே ஒரு படம் இருக்கும். விமானம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

திரையில் தெரிவதை ஒரு பொத்தானை அழுத்திச் சேமித்தால் அது வெறும் ஸ்கிரீன்ஷாட். எந்த விமானம், எந்த இடம், எந்த மாதம், எத்தனை மணி, என்ன வானிலை, கேமரா எந்தப் பக்கம், லென்ஸ் எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றையும் யோசித்து முடிவுசெய்து எடுத்தால் அது புகைப்படத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கணினி விளையாட்டுகளுக்குள் படம் எடுப்பது இன்று பரவலான பொழுதுபோக்குதான். அதில் சிமுலேட்டர் கிளை மட்டும் கொஞ்சம் கறாரானது. பார்க்கிறவர்களில் பலருக்கு விமானம் தெரியும் என்பதே காரணம். வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும், முப்பதாயிரம் அடியில் சக்கரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் அவர்கள் கண் அங்கேதான் போகும்.

1982-இல் ஐ.பி.எம். கணினிக்கு மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வந்தபோது இப்படியொரு கலை பிறக்கும் என்று யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை. நிலம் என்றால் நாலு நிறம், சில கோடுகள். 2006-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் காலத்தில் தண்ணீரும் மேகமும் பார்க்கும்படி இருந்தன. ஆனால் ஒரு நல்ல படத்துக்கு ஏகப்பட்ட கூடுதல் மென்பொருள்களை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் வந்த புதிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்தான் கதையை மாற்றியது. பிங் மேப்ஸின் செயற்கைக்கோள் படங்களையும் வான்படங்களையும் கொண்டு முழு பூமி, 37,000-க்கும் மேற்பட்ட விமான நிலையங்கள், உள்ளே புகுந்து வெளியே வரக்கூடிய முப்பரிமாண மேகங்கள் எல்லாம் பெட்டியைத் திறந்தவுடனேயே கிடைத்தன. 2022-இல் எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரின் 12-ஆம் பதிப்பும் வெளிச்சத்திலும் மேகத்திலும் பெரிய அடி எடுத்து வைத்தது.

பழைய சிமுலேட்டர்களுக்கும் ஒரு மவுசு உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பகாலப் பதிப்புகளில் விமானம் முதலில் நிற்கும் இடம் சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு. நிஜ மெய்க்ஸ் ஃபீல்டின் ஓடுதளத்தை 2003 மார்ச்சில் இடித்துவிட்டார்கள். ஹாங்காங்கின் கை டாக் 1998 ஜூலையில் மூடப்பட்டது. இன்று எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாத அந்த இடங்களை சிமுலேட்டரில் இன்னும் எடுக்கலாம்.

முதல் கேள்வி

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பதுதான். அதைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நிற்கிறார்?

சிமுலேட்டரில் கேமராவுக்கு எடை கிடையாது, தடை கிடையாது. இன்ஜினுக்கு ஒரு முழம் முன்னால் வைக்கலாம், கடலுக்கடியில் வைக்கலாம், விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொண்டே போகலாம். இந்தச் சுதந்திரம்தான் ஆரம்பநிலைப் படங்களைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. எல்லாவற்றையும் காட்ட முடிகிறபோது எங்கிருந்தும் எடுக்காத படம் ஒன்று உருவாகிறது. அகலமான கோணம், மூக்கு பெருத்த விமானம், நட்டநடுவே ஒரு பொம்மை. பார்ப்பவருக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பவும் மாட்டார்.

அதே இடத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள். விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண் தரையிலிருந்து ஒன்றரை, ஒன்றேமுக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஓடுதளத்துக்குள் போக முடியாது, அதனால் நீண்ட லென்ஸ் வைத்திருப்பார். நடுவே புல் தெரியும், வேலிக் கம்பி மங்கலாகத் தெரியும், தூரத்தில் ஒரு ராடார் கோபுரம் குறுக்கே வரும். இந்தத் தொந்தரவுகள்தான் படத்துக்கு உயிர். அவற்றை ஒழித்துவிட்டால் மிஞ்சுவது விளம்பரப் படம்.

இன்னொருவர் வேறொரு விமானத்துக்குள் இருக்கிறார். நிஜத்தில் விமானத்திலிருந்து விமானத்தை எடுப்பது தனித் தொழில். அமெரிக்க விமானி கிளே லேசி ஒரு லியர்ஜெட்டில் சிறப்புக் கேமரா பொருத்தி விமான நிறுவனங்களுக்கும் திரைப்படங்களுக்கும் பல ஆண்டுகள் படம்பிடித்துக் கொடுத்தவர். அப்படிப் பறக்கிறவர் எதிரில் வரும் விமானத்தின் மூக்கைத் தொடும் தூரத்துக்குப் போக மாட்டார். கிட்டத்தட்ட அதே உயரம், கொஞ்சம் முன்னால் அல்லது பக்கவாட்டில், பாதுகாப்பான இடைவெளி. இந்தக் கட்டுப்பாட்டை சிமுலேட்டரில் நீங்களே போட்டுக்கொண்டால் படம் உடனே மாறுவதைப் பார்க்கலாம்.

மூன்றாமவர் பயணி. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சட்டத்தின் ஓரம் படத்தில் வரட்டும், இறக்கை பாதியில் வெட்டுப்படட்டும். விமானம் சாய்ந்து திரும்பும்போது அடிவானமும் சாய்வது இங்கே மட்டும் முழுக்க இயல்பு.

நான்காவது இடம் எனக்கு மிகவும் பிடித்தது: மலைச்சரிவு. வேல்ஸ் நாட்டில் மேக் லூப் என்று ஒரு பள்ளத்தாக்கு வலை இருக்கிறது. போர் விமானங்கள் அங்கே தாழப் பறந்து பயிற்சி எடுக்கும். புகைப்படக்காரர்கள் மலைமேல் நின்று அவற்றை மேலிருந்து கீழாகப் படம்பிடிப்பார்கள். விமானத்தின் முதுகு தெரியும், பின்னணியில் வானத்துக்குப் பதில் புல்லும் பாறையும் ஓடும். சிமுலேட்டரில் எந்த மலையிலும் இதைச் செய்யலாம். வானத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பின்னணியாக்குவது ஒன்றே ஆரம்பநிலையாளர் படத்தைப் பத்து மடங்கு நம்பும்படி ஆக்கிவிடும்.

மனிதன் நிற்கவே முடியாத இடத்திலிருந்து எடுக்கக் கூடாதா? எடுக்கலாம், தெரிந்தே எடுத்தால் அதுவும் ஒரு பாணி. தெரியாமல் அங்கே போய் நிற்பதுதான் பிரச்சினை.

ஜூம் என்பது நெருங்குவதல்ல

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் குழப்புவது இதுதான். கணக்கும் சுவாரசியமானது.

கரீபியன் கடலில் சாபா என்று ஒரு குட்டித் தீவு. அதன் விமான நிலையத்தின் ஓடுதளம் சுமார் 400 மீட்டர் நீளம்தான். உலகில் பயணிகள் விமானம் இறங்கும் மிகக் குட்டையான ஓடுதளங்களில் ஒன்று. இரு முனையிலும் பாறைச்சரிவு, கீழே கடல். பக்கத்திலேயே மவுண்ட் சீனரி என்ற மலை 870 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. அங்கே இறங்குவது ட்வின் ஆட்டர் என்ற இரட்டை இன்ஜின் சிறு விமானம். சிமுலேட்டர் படக்காரர்களுக்கு அல்வா மாதிரி இடம்.

ட்வின் ஆட்டரின் நீளம் 15.8 மீட்டர். பக்கவாட்டில் பார்க்கும்போது அது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விமானம் இருக்கும் தூரத்தில் படத்தின் அகலம் ஏறக்குறைய 47 மீட்டர்.

முதல் வழி: சிமுலேட்டரின் பார்வைக் கோணத்தை அகலமாக, 60 டிகிரியில் வைப்பது. அப்போது கேமரா விமானத்திலிருந்து சுமார் 40 மீட்டரில் இருக்க வேண்டும். பின்னால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையில் 2,300 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும். அதாவது கிட்டத்தட்ட மொத்த மலையும் ஒரு சின்ன மேடாகப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது வழி: கோணத்தை 10 டிகிரிக்குக் குறைப்பது. முழுச்சட்டக் கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டதற்குச் சமம். இப்போது கேமரா 270 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். விமானம் அதே அளவில்தான் தெரியும். ஆனால் மலை இருக்கும் இடத்தில் படத்தின் அகலம் 400 மீட்டர்தான். மலை மேடாக இல்லை, படம் முழுக்க நிறைந்த பச்சைச் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு துணிச்சலான சின்ன விமானம்.

விமானம் ஒன்றே, மலை ஒன்றே, மாறியது நின்ற இடமும் அதற்கேற்ற கோணமும் மட்டும். இறங்குவது எவ்வளவு இக்கட்டான காரியம் என்பதை இரண்டாவது படம் சொல்லாமல் சொல்கிறது. பெரும்பாலான சிமுலேட்டர்களில் வெளிக் கேமராவின் இயல்பான கோணம் அகலமாகவே இருக்கும். முதல் வேலையாக அதைக் குறைத்துவிட்டு, பின்னாலே போய் நில்லுங்கள். கணக்குக்கு உதவியாகச் சில எண்கள்: 24 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டத்தில் சுமார் 74 டிகிரி, 50 மில்லிமீட்டர் 40 டிகிரி, 85 மில்லிமீட்டர் 24 டிகிரி. சில சிமுலேட்டர்கள் கோணத்தை வேறு விதமாக அளக்கும், சிலவற்றில் எண்ணே இருக்காது, ஒரு ஸ்லைடர்தான். அங்கே கண்தான் அளவுகோல்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பின்னணியை மங்கலாக்கும் ஆசை. சிமுலேட்டரில் விமானத்தை விட்டு விலகி எங்கும் நகரும் டிரோன் கேமராவில் ஃபோகஸ் ஆழத்தைக் குறைக்கும் வசதி இருப்பதைப் பார்த்ததும் எல்லோரும் அதை இழுத்து விடுவார்கள். நிஜத்தில் 200 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை எஃப்/8 அளவில் வைத்து 170 மீட்டருக்கு அப்பால் உள்ள எதை ஃபோகஸ் செய்தாலும் அடிவானம் வரை கூர்மையாகவே விழும். 270 மீட்டரில் பறக்கும் ட்வின் ஆட்டருக்குப் பின்னால் மலை மங்கலாக இருந்தால், பார்ப்பவரின் மூளை விமானத்தின் அளவைக் குறைத்துக்கொள்கிறது. மேசைமேல் வைத்த மாடல் ஆகிவிடுகிறது. மங்கலை காக்பிட்டுக்குள்ளும், பக்கத்தில் நின்று எடுக்கும் சக்கரம், ரிவெட் வரிசை போன்ற நெருக்கமான படங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனுக்கு நாள்காட்டியும் உண்டு

சிமுலேட்டரில் நேரத்தை மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். தேதியை மாற்றுவது பலருக்குத் தோன்றுவதில்லை. சாபாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே வீசுவது பெரும்பாலும் கிழக்குக் காற்று. விமானம் காற்றை எதிர்த்து இறங்கும், அதனால் தென்கிழக்கு நோக்கி வரும். மலை அதன் வலப்பக்கம், திறந்த கடல் இடப்பக்கம். ஆக, நம் கேமரா வடகிழக்கில், கடலில் ஒரு படகில் நிற்கிறது என்று கற்பனை. மாலையில் எடுத்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போய், விமானத்தின் நம் பக்கம் முழுக்க நிழலாகிவிடும். காலைதான் சரி.

எந்த மாதக் காலை? ஜூனில் சூரியன் வடகிழக்குப் பக்கமாகச் சாய்ந்து உதிக்கும். வெளிச்சம் ஏறக்குறைய நம் முதுகுக்குப் பின்னாலிருந்தே வரும், எல்லாம் தட்டையாகத் தெரியும். டிசம்பரில் தென்கிழக்கில் உதிக்கும், வெளிச்சம் விமானத்தின் மூக்கின் மேல் விழும், பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். மார்ச் கடைசியில் நேர் கிழக்கு. ஒளி சாய்வாக வந்து உடலின் வளைவையும் இறக்கையைத் தாங்கும் கம்பியின் நிழலையும் காட்டும். நான் மார்ச்சைத் தேர்ந்தெடுப்பேன். ஜூன் தேவைப்படும் படமும் உண்டு, அது வேறு படம்.

பொன்னொளி நேரம் என்று புகைப்படக்காரர்கள் கொண்டாடுவது சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரிக்குள் இருக்கும் பொழுதை. இது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் நிலநடுக்கோட்டில் சூரியன் செங்குத்தாக இறங்கும், ஆறு டிகிரியை 24 நிமிடத்தில் முடித்துவிடும். அதே நாளில் 60 டிகிரி வடக்கில் சாய்வாக இறங்கும், அதற்கு இரு மடங்கு நேரம் எடுக்கும். இன்னும் வடக்கே போனால், நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் போன்ற இடங்களில், குளிர்காலத்தின் சில வாரங்களில் பகல் என்பதே தாழ்ந்த வெளிச்சம்தான். சிமுலேட்டரில் நேரத்தை உறையவைக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் நிழல் எப்படி நகர்கிறது என்று பார்க்க நேரம் ஓடட்டும் என்று விட்டுவிடுவது நல்ல பழக்கம்.

சூரியன் மறைந்தபின் வரும் நீல நேரத்தைக் காக்பிட் படத்துக்கு ஒதுக்குங்கள். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே இருட்டு; இரண்டையும் ஒருசேரப் பிடிப்பது கேமராவுக்குக் கஷ்டம். முழு இரவில் நேர்மாறு. நடுவே கொஞ்ச நேரம் வெளியே இருக்கும் நீலமும் உள்ளே கருவிகளின் மஞ்சள் விளக்கும் சமமாக நிற்கும். அந்த இடைவெளியில் வெறும் உயரமானியையும் ஓரத்தில் தெரியும் நகர விளக்குகளையும் எடுத்தாலே போதும்.

மேகமும் மங்கலும்

வானிலையைப் பொறுத்தவரை இரண்டு வழி. நேரடி வானிலையை இணையத்திலிருந்து எடுத்து, இன்று எங்கே புயல், எங்கே மூடுபனி என்று தேடிப் போய்ப் படம் எடுப்பவர்கள் ஒரு பக்கம். தாங்களே மேகத்தை அடுக்குபவர்கள் இன்னொரு பக்கம். முதல் வழியில் வேட்டையின் சுகம் இருக்கிறது. இரண்டாவதில் கட்டுப்பாடு இருக்கிறது, கூடவே ஓர் ஆபத்தும்: இயற்கையில் இல்லாத வானத்தைக் கட்டிவிடுவது.

பஞ்சுமூட்டை போன்ற திரள்மேகங்களை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு விமானிகளிடம் ஒரு குத்துமதிப்பு இருக்கிறது. தரையில் காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையே ஒவ்வொரு செல்சியஸ் டிகிரி வித்தியாசத்துக்கும் 400 அடி. வெப்பம் 30, பனிநிலை 24 என்றால் மேகத்தின் அடிப்பாகம் சுமார் 2,400 அடி. பாலைவனத்தின் மேல் வித்தியாசம் அதிகம், அதனால் மேகம் உயரத்தில் நிற்கும். ஈரமான கடற்கரையில் தாழ்ந்து வரும். திரள்மேகங்களின் அடிப்பாகம் ஒரே மட்டத்தில் வெட்டினாற்போல் இருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஜெட்டின் வால்புகை வேண்டுமென்றால் சுமார் 26,000 அடிக்கு மேலே, மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த காற்றில்தான் அது பொதுவாக உருவாகும். ஐயாயிரம் அடியில் வெயில் நாளில் வால்புகை விட்டால் சிரிப்பார்கள்.

மங்கலைப் பற்றி (ஃபோகஸ் மங்கல் அல்ல, காற்றில் தெரியும் மூட்டம்) ஒரே ஒரு வார்த்தை: சேருங்கள். தூரத்து மலை வெளிறி நீலமாகப் போவதுதான் தூரத்தைக் கண்ணுக்குச் சொல்கிறது. படு தெளிவான வானம் சிமுலேட்டரின் குறைகளை எல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

குறை என்றதும் கட்டடங்கள் நினைவுக்கு வருகின்றன. நகரங்கள் பலவற்றை வான்படங்களிலிருந்து முப்பரிமாணமாக உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டாயிரம் அடியிலிருந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும். தெருவுக்கு இறங்கினால் பாலங்களின் அடியில் சுவர் எழும்பியிருக்கும், மரங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும், கார்கள் தரையோடு தரையாக ஒட்டியிருக்கும். இவற்றைச் சரிசெய்ய முடியாது, தவிர்க்கலாம். உயரமாக இருங்கள், அல்லது சூரியனைத் தாழ்த்தி நிழலில் ஒளித்துவிடுங்கள், இல்லையென்றால் இரவாக்கிவிடுங்கள்.

விமானம் என்ன செய்துகொண்டிருக்கிறது?

படத்தில் விமானம் சும்மா மிதக்கக் கூடாது. ஏறுகிறதா, இறங்குகிறதா, திரும்புகிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு நேர்வழி, நிஜமாகவே ஓட்டுவது. சரியான வேகம், சரியான ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை), சரியான உயரத்தில் ஓட்டிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தினால் மூக்கின் கோணம் தானாகவே சரியாக இருக்கும். வரைபடத்தில் கிளிக் செய்து நடுவானில் விமானத்தை வைத்து எடுக்கும் படங்களில் ஏதோ ஒன்று ஒட்டாமல் இருப்பது இதனால்தான்.

இறங்கும் பாதை வழக்கமாக மூன்று டிகிரி சரிவு. ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 300 அடி. ஓடுதளத்திலிருந்து ஐந்து கடல்மைல் தள்ளி இருக்கிறீர்கள் என்றால் விமானம் 1,500 அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

விளக்குகளைப் பாருங்கள். இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. இன்ஜின் ஓடும்போது பீக்கன் என்ற சிவப்பு எச்சரிக்கை விளக்கு சுழலும் அல்லது மின்னும். பளிச்சிடும் வெள்ளை ஸ்ட்ரோப் பொதுவாக ஓடுதளத்துக்குள் நுழையும்போதுதான் போடப்படும். நிறுத்துமிடத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால் விஷயம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். 10,000 அடிக்குக் கீழே லேண்டிங் லைட் எரிவது வழக்கம். இதிலிருந்தே இன்னொரு விதி: விமானம் வேறு பக்கம் பார்த்திருந்தால் நன்றாக இருக்குமே என்று எடிட்டிங்கில் கண்ணாடி போலத் திருப்பாதீர்கள். விமானத்தின் பதிவெழுத்து இடவலம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், சிவப்பும் பச்சையும் இடம்மாறியிருப்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

புரொப்பெல்லர் தனி விவகாரம். நிஜத்தில் அது சுழல்வதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே புகைப்படக்காரர்கள் ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் மெதுவாக வைப்பார்கள். சிமுலேட்டர் அந்த மங்கலைத் தானே வரைந்துவிடும், வேகம் போதுமான அளவு இருந்தால். ஆகவே புரொப்பெல்லர் விமானத்தை இன்ஜினை முழுவதும் குறைத்த நிலையில் நிறுத்திவிடாதீர்கள். பின்னணி கோடுகோடாக ஓடும் படம் வேண்டுமானால், நகர்வு மங்கலை அமைப்பில் போட்டுக்கொண்டு ஓடும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திய உலகத்தில் எதுவும் நகர்வதில்லை, அதனால் மங்கலும் வராது.

பொத்தான்கள், அமைப்புகள்

இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு சிமுலேட்டரும் வேறு வேறு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் இன்சர்ட் விசை டிரோன் கேமராவைத் தரும். ஆக்டிவ் பாஸ் என்ற வசதி விமானத்தை மட்டும் காற்றில் பிடித்து வைக்கும். மேகமும் இன்ஜினும் ஓடிக்கொண்டே இருக்கும். எக்ஸ்-பிளேனில் ஷிஃப்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் படம் சேமிக்கப்படும், பறந்ததை மீண்டும் ஓட்டிக் காட்டும் ரீப்ளே வசதியும் அதிலேயே இருப்பதால் ஓட்டி முடித்துவிட்டு ஆற அமரக் கோணம் தேடலாம். இலவச சிமுலேட்டரான ஃபிளைட்கியரில் படம் சேமிக்க எஃப்3 விசை. போர் விமானங்களுக்கான டி.சி.எஸ். வேர்ல்டில் எஃப்3 என்பது விமானம் கேமராவைக் கடந்து பறக்கும் காட்சி. மேக் லூப் பாணிப் படங்களுக்கு அது ஒன்றே போதும்.

பறக்கும்போது படம் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்று அமைப்புகளைக் குறைத்து வைத்திருப்பீர்கள். படம் எடுக்க நிறுத்தியபின் அந்தக் கவலை இல்லை. ரெண்டர் அளவை (சிமுலேட்டர் படத்தை வரையும் தெளிவளவு) நூறு சதவீதத்துக்கு மேலே ஏற்றுங்கள், நிழலையும் மேகத்தையும் உச்சத்தில் வையுங்கள். நொடிக்கு எட்டு சட்டம் ஓடினாலும் பரவாயில்லை. சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். போன்ற நுட்பங்கள் பறக்க உதவும், ஆனால் புரொப்பெல்லருக்குப் பின்னாலும் காக்பிட் திரைகளிலும் பேய் நிழல் போல ஒரு தடம் விடக்கூடும், படத்துக்கு டி.ஏ.ஏ. என்ற ஓரம் மழுக்கும் முறை பாதுகாப்பானது. கேமராவை நகர்த்தியபின் ஓரிரு நொடி காத்திருங்கள். பல சட்டங்களைச் சேர்த்துத்தான் மேகமும் ஓரங்களும் தெளிகின்றன.

பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கினால் முதலில் அடிவாங்குவது வானம்தான், மாலை வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். திரையின் ஒளிவீச்சைக் கூட்டும் எச்.டி.ஆர். போட்டிருந்தால் சேமித்த படம் சாதாரணத் திரையில் வெளுத்துப்போய்த் தெரியலாம், எடுக்கும்போது அணைத்துவிடுவது எளிது. மவுஸ் அம்பையும் மேலே தெரியும் பட்டியையும் மறைக்க மறக்காதீர்கள். அச்சிடும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு: 4கே திரையின் 3,840 புள்ளிகள் அங்குலத்துக்கு 300 என்ற தரத்தில் பன்னிரண்டே முக்கால் அங்குல அகலம்தான் வரும்.

எவ்வளவு திருத்தலாம்?

இதில் இரண்டு கட்சி. சிமுலேட்டர் கொடுத்ததைத் தொடவே கூடாது என்பவர்கள் ஒரு கட்சி. விளையாட்டு ஓடும்போதே அதன் நிறத்தை மாற்றும் ரீஷேட், படம் திருத்தும் ஃபோட்டோஷாப், இலவச கிம்ப், டார்க்டேபிள் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தலாம் என்பவர்கள் மறு கட்சி. நான் நடுவில் நிற்கிறேன். அடிவானத்தை நேராக்குவது, வெட்டுவது, கறுப்பு வெள்ளையின் அளவைச் சரிசெய்வது எல்லாம் இருட்டறைக் காலத்திலிருந்தே புகைப்படத்தின் பகுதி. நிறச் செறிவை ஏற்றும் ஸ்லைடரில்தான் பல நல்ல படங்கள் செத்துப்போகின்றன. ஆரஞ்சு வானம் ஏற்கெனவே ஆரஞ்சாகத்தான் இருக்கிறது. வேறு படத்திலிருந்து வானத்தையோ பறவையையோ ஒட்டியிருந்தால் அதைச் சொல்லிவிடுவது மரியாதை.

இன்னொன்று மரியாதை சம்பந்தப்பட்டதல்ல, கட்டாயம். இது சிமுலேட்டர் படம் என்று குறிப்பிடுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய நாட்களில், ஓர் உக்ரைன் விமானி எதிரி விமானத்தை வீழ்த்துவதாக ஒரு வீடியோ பல லட்சம் பேரிடம் போனது. அது டி.சி.எஸ். வேர்ல்டில் எடுத்தது. எடுத்தவர் அதைத் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தார், பரப்பியவர்கள் குறிப்பை வெட்டிவிட்டார்கள். தலைப்பில் எழுதுவதோடு, விபத்து அல்லது தாக்குதல் போலத் தோன்றும் படமாக இருந்தால் படத்தின் ஓரத்திலேயே சிறியதாக எழுதிவிடுவது நல்லது. விற்க நினைத்தால் அந்த சிமுலேட்டர் நிறுவனத்தின் விதிகளையும், விமானத்தின் மேல் இருக்கும் நிறுவனச் சின்னத்தின் உரிமையையும் முதலில் பாருங்கள். நண்பர்களுக்குக் காட்டுவதற்கும் காசாக்குவதற்கும் விதி ஒன்றல்ல.

எதில் ஆரம்பிப்பது?

கையில் எது இருக்கிறதோ அதில். எதுவும் இல்லையென்றால், செலவில்லாமல் முயல ஃபிளைட்கியர் இருக்கிறது, டி.சி.எஸ். வேர்ல்டின் அடிப்படைப் பதிப்பும் இலவசம்தான். நிலக்காட்சிதான் உங்கள் ஆசை என்றால் மைக்ரோசாஃப்ட் பக்கம் போங்கள். அதன் அடுத்த பதிப்பு 2024 நவம்பரில் வந்திருக்கிறது. நிலக்காட்சியைத் தொடர்ந்து இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்துகொண்டே இருக்கும் என்பதால் நல்ல இணைய இணைப்பு வேண்டும்.

முதல் பயிற்சியாக ஒன்று சொல்கிறேன். ஒரு சிறிய விமானம், ஒரே ஒரு சின்ன விமான நிலையம். வேறு எங்கும் போகாதீர்கள். வேலிக்கு வெளியே ஓர் ஆள் நிற்கக்கூடிய இடத்தைக் கண்டுபிடித்து, கேமராவை அவர் கண் உயரத்தில் வையுங்கள். கோணத்தை 10-லிருந்து 25 டிகிரிக்குள் பூட்டிவிடுங்கள். விமானத்தை ஓட்டி இறக்குங்கள், ரீப்ளேயில் அந்த இடத்திலிருந்து பாருங்கள். பிறகு எதையும் நகர்த்தாமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்தரை, இருட்டிய பின். அப்புறம் மாதத்தை. அப்புறம் மேகத்தை. எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்த மாற்றம் படத்தை அதிகம் மாற்றியது என்று உங்களுக்கே தெரியும். வானிலை, நேரம், கேமரா இடம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிச் சேமித்துவிடுங்கள். பிடித்த வெளிச்சத்தைத் திரும்பத் தேடும்போது அது கைகொடுக்கும்.